மரப்பாலமும் மாசிக் கூத்தும்
(‘அரசும் கலையும்’ – தொடர் கட்டுரை: 7)

பண்டாரவளையிலிருந்து இறங்கிவரும் வீதியும் வெலிமடையிலிருந்து வரும் வீதியும் ஒன்றுகூடிப் பதுளையை நோக்கிச் செல்லும் சந்தியில் அமைந்த சிற்றூர் ஹாலிஎல. 1924 இல் பதுளை வரை வந்து முடிந்த மலையக ரயில் பாதையில் கடைசிக்கு முந்திய நிலையமும் அதுவே. அவ்வூருக்கு மேற்கே சில மைல் தூரத்தில், கல்லந்த ஓயாவின் குறுக்கே, போகொட என்னுமிடத்தில், ஓடு வேய்ந்த கூரையுடன் கூடிய மரப்பாலம் ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 15 மீற்றர் நீளம். இருவர் சேர்ந்து நடக்கப் போதுமான அகலம். பக்கங்களில் செதுக்கு வேலைப்பாடமைந்த கைப்பிடிகள். பதுளைக்கும் கண்டிக்கும் இடையே பண்டு சென்ற பாதையின் அங்கம் அது என்பர். மழையும் கறையானும் நிறைந்த ஊவா மலைச்சாரலில் மரத்தால் ஆன ஒரு பாலம் பல நூற்றாண்டுகள் நிலைத்திருக்கிறதென்றால், அதைக் கட்டிய தச்சரின் சாமர்த்தியத்துக்கு அடுத்தபடியாக, பழுதான பலகையைக் கழற்றிப் புதியதைப் பொருத்தி அதனைப் பாதுகாத்து வந்தவர்களின் கடமையுணர்ச்சியையும் நாம் நினைக்கவேண்டும்.

அந்தக் கடமையுணர்ச்சி தனிமனிதரின் சுபாவத்தோடு நின்றுவிடாமல் சட்டமாகவும் திணைக்களமாகவும் உருப்பெற்றதே இலங்கையின் கலாசாரக் கொள்கையின் முதல் அத்தியாயம். 1890 இல் தொல்பொருளாய்வு தொடங்கிற்று. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் புராதனப் பொருட்கள் கட்டளைச் சட்டம் சின்னங்களைக் காக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. சுதந்திரத்தின்பின், பிரித்தானியக் கலைக்கழகத்தின் முன்மாதிரியை அருகே வைத்துக்கொண்டு, 1952 இல் இலங்கைக் கலைக்கழகம் சட்டபூர்வமாக அமைந்தது. 1956 இல் கலாசார அலுவல்களுக்கென்றே ஓர் அமைச்சும் திணைக்களமும் தோன்றின.

உலகத்தோடு கைகோப்பதிலும் இத்தீவு பின்தங்கி நிற்கவில்லை. 1949 இலேயே யுனெஸ்கோவில் அங்கத்துவம் பெற்றது. 1970 இல் வெனிஸ் நகரில் அரசாங்கங்கள் கூடிக் கலாசாரக் கொள்கையின் நிர்வாகத்தையும் நிதியையும் ஆராய்ந்த காலத்தையொட்டி, ஒவ்வொரு நாடும் இத்துறையை எவ்வாறு நடத்துகிறது என்பதை விவரிக்கும் நூல்வரிசையொன்றை யுனெஸ்கோ பாரிஸிலிருந்து வெளியிட்டபோது, இலங்கையைப் பற்றிய நூலை எச். எச். பண்டார எழுத, அது 1972 இல் அச்சாயிற்று. பின்னர் 1980 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டத்தின்படி மத்திய கலாசார நிதியம் பிறந்தது. அநுராதபுரம், பொலனறுவை, கண்டி ஆகிய மூன்றையும் முனைகளாகக் கொண்ட கலாசார முக்கோணத் திட்டத்துக்கு யுனெஸ்கோ உலகெங்கும் ஆதரவு திரட்டியது. பிறநாட்டுப் பிரயாணிகள் வாங்கும் அநுமதிச் சீட்டின் பணம் அகழ்வுக்கும் புனருத்தாரணத்துக்கும் திரும்பிச் செல்லும் ஏற்பாடு உண்டாயிற்று. 1982 இல் அநுராதபுரமும் பொலனறுவையும் சிகிரியாவும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. செல்வம் குறைந்த ஒரு சிறு தேசம் தன் கற்களுக்காக உலகத்தின் அறிவையும் பொருளையும் இவ்வளவு திறமையாக ஈட்டிக்கொண்டதை மெச்சாமல் இருக்க முடியாது.

கல் தானே நிற்கும். கூத்தோ ஆடினாலன்றி இல்லை. இவ்வுண்மையை உணர்ந்து, கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் சு. வித்தியானந்தன், கிராமத்து அண்ணாவிமாரைத் தேடிச் சென்று, மட்டக்களப்பின் வடமோடி ஆட்டத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரின் கால்களுக்குக் கொண்டுவந்தார். 1962 இல் கர்ணன் போரும் 1964 இல் இராவணேசனும் மேடையேறியபோது, படித்தோர் ஏளனமாகப் பார்த்த கூத்து தேசியக் கலையென்ற ஸ்தானத்தைப் பெற்றது. ஓர் அரசாங்கக் குழு, பொருத்தமான மனிதர் கையில் அகப்பட்டால், எத்தனை பெரிய காரியத்தைச் சாதிக்கும் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் பேராதனையைச் சூழ்ந்த மலைகளிலேயே, அதே ஆண்டுகளில், தேயிலைத் தோட்டங்களின் கூத்து ஆடப்பட்டு வந்தது. அந்த யோகம் அதற்கு அந்த அளவில் வாய்க்கவில்லை.

காரணம் கலையின் குறைபாடன்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரின் பெரும்பகுதியினரை நாடற்றவராக்கிற்று. மறு ஆண்டில் அவர்களது வாக்குரிமையும் போயிற்று. பிரஜை அல்லாதவனின் பாட்டை எந்தத் திணைக்களம் எந்தத் தலைப்பின்கீழ் பதிந்துகொள்ளும்? 1947 இல் தலவாக்கலையின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, அந்த வாக்காளரெல்லாம் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட பிறகும், லயத்துக்கு லயம் கேட்டுத் தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களே அத்தலைமுறைகளின் வாய்மொழிக்கு நமக்குள்ள தலையாய சாட்சியம். ஒரு தேசிய ஸ்தாபனம் செய்திருக்கவேண்டிய வேலையை ஒரு மனிதர் தம் ஆயுளைக் கொடுத்துச் செய்தார்.

ஹாலிஎலவுக்கு அருகே ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934 இல் பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் சரித்திரமும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. ‘நாமிருக்கும் நாடே’ என்னும் அவரது சிறுகதைத் தொகுதிக்கு சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. அரசின் கதவு மலையக எழுத்துக்கு ஓரளவு திறந்ததை அது காட்டுகிறது. 2013 இல் தமிழ்நாட்டு வாசகர்களின் வட்டமொன்று விஷ்ணுபுரம் விருதை அவருக்கு அளித்துச் சிறப்பித்தது. அவ்விருதுக்கு ஒப்பந்தமோ தூதரகமோ தேவைப்படவில்லை. எழுத்து அச்சில் ஏறிவிட்டால் கடல் கடந்து போய்விடுகிறது. கூத்துக்கு அந்த வசதி இல்லை.

தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்துக்காக, மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையன்று காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். அன்று தொடங்கி, கொழுந்து நிறுத்து வீடு திரும்பிய பிறகு, இரவுதோறும் பாட்டும் ஆட்டமும் நடக்கும். வைக்கோலைக் கொளுத்தி அந்தச் சூட்டில் தப்பைக் காய்ச்சி, விரலால் தட்டிச் சுதி பார்த்து, மறுபடியும் நெருப்பருகே பிடிக்கும் அந்த நிதானத்தைப் பார்த்தவர்கள், சங்கீத மேடையில் மிருதங்கத்துக்குச் சுருதி சேர்க்கும் வித்துவானின் பொறுமைக்கு அது இம்மியும் குறைந்ததல்ல என்பதை ஒப்புக்கொள்வர். ரதியாக வேஷம் கட்டுபவர் ஆண். பெரும்பாலும் நேர்த்திக்கடனாக அந்த வேஷத்தை ஏற்றவர். தூதன் வருவான், வீரபத்திரன் வருவான், எமன் வருவான். பௌர்ணமியை ஒட்டிய பெரிய இரவில் சிவனின் நெற்றிக்கண் திறந்து மதன் எரிவான். ரதியின் புலம்பலைக் கேட்டு, நாளெல்லாம் மலையில் நின்ற பெண்கள் விடியுமட்டும் கண்ணீரோடு உட்கார்ந்திருப்பார்கள். எந்தப் பாட்டுக்கு எந்த அடி, எந்த அடிக்கு எந்த நடை என்பதெல்லாம் கூத்து வாத்தியாரின் மனத்திலும், பழைய பயிற்சிக் கொப்பிகளிலும் இருக்கின்றன.

இந்த வாத்தியாருக்கும் அரசின் கலாசார நிர்வாகத்துக்கும் இடையே பாதை சரியாக அமையவில்லை என்பதே என் மனத்தாங்கல். பிரதேச செயலகங்களில் கலாசார உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். பிரதேச சாகித்திய விழாக்கள் நடக்கின்றன. முதிய கலைஞருக்குக் கலாபூஷணம் வழங்கப்படுகிறது. ஆயினும், நிர்வாகத்தின் பெரும் பாகம் பௌத்தம், இந்து, கிறிஸ்தவம், முஸ்லிம் எனச் சமயவாரியாகப் பிரிந்திருப்பதால், கோயில் கட்டடத்துக்கு உதவி கேட்க ஓர் இடம் உண்டு; கோயிலுக்கு வெளியே பொட்டலில் நிகழும் காமன் கூத்து யாருடைய பொறுப்பு என்பது தெளிவாவதில்லை. தோட்டத்து எல்லையும் ஒரு தடை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் சபையின் பணத்தைச் செலவிடுவதைக் கட்டுப்படுத்தியிருந்தது. 2018 இல்தான் அது திருத்தப்பட்டது. அதுவரை ஒரு தெருவிளக்குக்கே வழியில்லாத இடத்தில் கூத்துக்கு யார் வழி செய்திருப்பார்?

சர்வதேச ஏற்பாடுகளோ இதற்கு அநுகூலமாகவே இருக்கின்றன. யுனெஸ்கோவின் 2003 ஆம் ஆண்டுச் சாசனம், தொட்டுணர முடியாத மரபுகளை ஒவ்வொரு நாடும் அம்மரபுக்குரிய மக்களின் பங்கேற்போடு பதிவேடாக்க வேண்டுமென்கிறது. இலங்கை அதில் சேர்ந்து, ரூக்கட நாட்டியம் என்னும் நூற்பாவைக் கூத்தை 2018 இலும், தும்பறை நெசவை 2021 இலும் உலகப் பட்டியலில் ஏற்றியது. தென்கரையோரத்துப் பொம்மலாட்டக் குடும்பங்களுக்கு வாய்த்த அந்த மரியாதை ஊவாவின் காமன் பொட்டலுக்கு ஏன் வாய்க்கக்கூடாது? இந்தியாவுடன் 1977 நவம்பர் 29 இல் கையெழுத்தான கலாசார ஒத்துழைப்பு ஒப்பந்தமும் இருக்கிறது. இந்திய உதவியில் எழுந்த யாழ்ப்பாணக் கலாசார நிலையம் 2023 இல் மக்களுக்கு அர்ப்பணிக்கப்பட்டு, இப்போது திருவள்ளுவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அத்தகைய பெருங்கட்டடத்தைப் பதுளைக்கு நான் கேட்கவில்லை. காமன் பண்டிகையைக் கொண்டாடும் தமிழ்நாட்டுக் கிராமங்களின் பாடகரும் மலையக வாத்தியாரும் ஒரு மாதம் கூடியிருந்து, தத்தம் பாடங்களை ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஒப்பந்தம் இடங்கொடுத்தால் போதும்.

அதற்கு முன்பாகப் பதிவேடு வேண்டும். எந்தத் தோட்டத்தில், எந்தப் பிரிவில் கம்பம் ஊன்றப்படுகிறது. வாத்தியார் யார், அவருக்குக் கற்பித்தவர் யார். கொப்பி யார் வீட்டில் இருக்கிறது. எந்த வேஷத்துக்கு ஆள் கிடைக்காமல் எந்த ஆண்டில் ஆட்டம் நின்றது. தப்புக்குத் தோல் கட்டுபவர் இன்னும் இருக்கிறாரா – இவற்றை எழுத ஒரு கலாசார உத்தியோகத்தரும் தோட்டத்துப் பள்ளிக்கூட ஆசிரியர் இருவரும் போதும். ஹாலிஎலவில் அதைத் தொடங்குவதானால் தை மாதத்துக்குள் தொடங்கவேண்டும். மாசி பிறந்து கம்பம் ஊன்றிவிட்டால் வாத்தியாருக்குப் பேச நேரமிராது.

(தொடரும்)