மலையை எடை போட்ட பிறகு கேரவன்

கேரவன் வாங்கக் கிளம்புகிறவர் முதலில் பார்ப்பது மெத்தையை. பிறகு அடுப்பு, குளியலறை, ஜன்னல் திரை. "நம்ம வண்டி இதை இழுக்குமா?" என்ற கேள்வி கடைசியில்தான் வரும். கொடைக்கானல் போகிற எண்ணம் இருந்தால் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுவது நல்லது. முதலில் மலைப்பாதை, அடுத்து கார், அப்புறம்தான் கேரவன்.

படப்பிடிப்புத் தளத்தில் நட்சத்திரங்களுக்காக நிற்கும் ஏசி வண்டியைப் பற்றி நான் பேசவில்லை. காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீட்டைச் சொல்கிறேன். பிரிட்டனில் எக்கிள்ஸ் நிறுவனம் 1919-இல் அதை விற்பனைக்குத் தயாரிக்கத் தொடங்கியது. நம் பக்கம் அது இன்னும் புதுசு. கேரள அரசு 2021-இல் 'கேரவன் கேரளா' திட்டத்தை அறிவித்தபோதும் முன்னால் நின்றவை சொந்த எஞ்சின் உள்ள மோட்டார் கேரவன்களே. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா முன்னுரிமைப் பட்டியலில் இடம்பிடித்திருக்கிறது. அதனால் ஆசைப்படுகிறவர்கள் பெருகத்தான் போகிறார்கள்.

ஆசைக்கு முன்னால் பாதையைப் பார்ப்போம். வத்தலக்குண்டைத் தாண்டிக் காமக்காபட்டி சோதனைச்சாவடியில் ஏற ஆரம்பித்தால் டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை, வெள்ளி நீர்வீழ்ச்சி என்று கொடைக்கானல்வரை ஏற்றம்தான். கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர். அடிவாரத்திலிருந்து கணக்கிட்டால் ஏறவேண்டிய உயரம் 1,800 மீட்டர் அளவுக்கு வரும். பழனியிலிருந்து சவரிக்காடு, வடகவுஞ்சி வழியாக வரும் பாதை சுமார் 64 கிலோமீட்டர். அதிலும் கொண்டை ஊசி வளைவுகளுக்குக் குறைவில்லை.

இனி கார். பிரிட்டனில் புதிதாகக் கேரவன் இழுப்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்வார்கள்: முழுச் சுமையோடு கேரவனின் எடை, காரின் வெற்று எடையில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இன்னோவா கிறிஸ்டா சுமார் 1,800 கிலோ. அந்தக் கணக்குப்படி 1,500 கிலோ கேரவன்வரை போகலாம். ஆனால் அது அகலமான, வளைவு குறைந்த சாலைகளை மனத்தில் வைத்துச் சொன்னது. கொடைக்கானல் ஏற்றத்துக்கு என்றால் காரின் எடையில் பாதிக்கு மேல் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதாவது 900 கிலோவுக்குள். இருவர் படுக்க இடம், பின்கதவைத் தூக்கினால் சின்னச் சமையல் மேடை. அதற்கு மேல் கேட்கக் கூடாது.

இந்தக் கறாருக்குக் காரணம் உண்டு. ஐரோப்பாவில் ஒரு கார் இவ்வளவு எடை இழுக்கும் என்று அறிவிக்க வேண்டுமானால், அந்தச் சுமையோடு 12 சதவீத ஏற்றத்தில் ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை நின்று கிளம்பிக் காட்ட வேண்டும். மே மாத ஞாயிற்றுக்கிழமை பெருமாள்மலை நெரிசலில் மாட்டியவர்களுக்கு ஐந்து முறை என்பது வெறும் ஆரம்பம் என்று தெரியும். கிளட்ச் கருகும் வாடை அங்கே புதிதல்ல. சுமை இழுக்கும் காருக்கு டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக் கியர் இந்த இடத்தில் பெரிய ஆறுதல். உயரம் கூடக்கூடக் காற்றும் அடர்த்தி இழக்கும். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம்போல வலுவை இழந்து, கொடைக்கானல் ஏரிக்கரைக்கு வருவதற்குள் ஐந்தில் ஒரு பங்கைத் தொலைத்திருக்கும். டர்போ டீசல் இந்த நஷ்டத்தைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். இன்னொன்று, இந்தியாவில் விற்கும் கார்களின் கையேட்டில் இழுவை எடையைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். எண் இல்லாவிட்டால் அந்தக் காரை இழுவைக்கு எடுக்காதீர்கள். "பட்டறையில் கொக்கி வெல்டிங் பண்ணிக்கலாம் சார்" என்பது பதில் ஆகாது.

சுமையை வைக்கும் முறையை நம் ஊர் வண்டிக்காரர்கள் யாரும் கற்றுத்தராமலே அறிந்திருந்தார்கள். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து வலிக்கும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே எழும்பும். கேரவனுக்கும் அதே நியாயம். அதன் மொத்த எடையில் ஐந்து முதல் ஏழு சதவீதம் கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். குறைந்தால் வேகத்தில் கேரவன் பாம்பாக நெளியும். கூடினால் காரின் முன்சக்கரம் பிடிமானம் இழக்கும். ஆகவே கனமான பொருளெல்லாம் அச்சுக்கு மேலே, தரையோடு தரையாக. நம் குடும்பங்கள் குக்கர், இட்லிப் பானை, பத்துப் பேருக்கான அரிசி இல்லாமல் புறப்படுவதில்லை என்பதையும் எடைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி நூறு கிலோ. அதைக் காலியாகவே ஏற்றிச் செல்லலாம்.

ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதே ஆபத்து. காரும் கேரவனுமாக 2,500 கிலோ, 1,800 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 12 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். எஞ்சினும் காற்றும் ஒரு பகுதியைத் தாங்கினாலும் மீதி முழுக்க பிரேக்கில் வெப்பமாகத்தான் இறங்கும். கார் இழுக்கும் கேரவன்களில் பெரும்பாலும் இருப்பது தள்ளுவிசை பிரேக்: கார் வேகம் குறையும்போது கேரவன் முன்னால் வந்து கொக்கியைத் தள்ளும், அந்தத் தள்ளலே அதன் பிரேக்கை இயக்கும். இரண்டாம் கியரில் நிதானமாக இறங்கினாலும் கேரவன் தள்ளிக்கொண்டேதான் இருக்கும், பிரேக் உரசிக்கொண்டேதான் வரும். காரோட்டிக்கு அது தெரியாது. தனக்கென்று பிரேக் இல்லாத கேரவனை 750 கிலோவரை ஐரோப்பாவில் சட்டம் அனுமதிக்கிறது. இந்த மலைக்கு அது வேண்டாம். டம்டம் பாறையில் அருவி பார்க்க நிற்கிற சாக்கில் கேரவனின் சக்கரத்தருகே கையை நீட்டிச் சூடு பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வளைவில் அரசுப் பேருந்து எதிரே வந்தால்? குறுகலான மலைச்சாலையில் இறங்கும் வண்டிதான் ஒதுங்கி நின்று ஏறுவதற்கு வழிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் பின்னால் கேரவன் இருந்தால் ஒதுங்குவதற்குப் பின்னோக்கி எடுக்க வேண்டிவரும். அப்போது ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினால் கேரவனின் வால் வலப்பக்கம் போகும். இதை ஊரில் ஒரு மைதானத்தில் பழகாமல் மலையேறுவது மற்றவர்களுக்கும் செய்யும் கெடுதல். 12 மீட்டருக்கு மேல் நீளமான வாகனங்களுக்குக் கொடைக்கானல் மலைப்பாதையில் 2024 நவம்பரில் தடை விதிக்கப்பட்டது. ஏழு மீட்டர் கேரவனை ஐந்து மீட்டர் காரில் மாட்டினால் அதே நீளம் வந்துவிடுகிறது. 2024 மே 7 முதல் இ-பாஸ் வேறு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லரும் மோட்டார் வாகனமே என்பதால், கேரவனுக்குத் தனிப் பதிவும் தேவை.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்து எனக்குத் தோன்றுவது: கேரவன் மலை ஏறவே வேண்டாம், அடிவாரத்திலேயே நிற்கட்டும். இது புது யோசனையும் அல்ல. 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டிய காலம் தொடங்கி, வத்தலக்குண்டு மலைச்சாலை 1916-இல் திறக்கப்படும்வரை மேலே போனவர்கள் அப்படித்தான் செய்தார்கள். ரயில் வந்த பிறகு, கொடைரோடு நிலையத்தில் இறங்கிக் கூண்டு மாட்டுவண்டியில் இரவெல்லாம் படுத்தபடி பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்புக்கு வருவார்கள். வண்டி அங்கேயே நின்றுவிடும். அங்கிருந்து டோலியிலும் குதிரையிலும் கால்நடையாகவும் ஏறினார்கள். டோலி தூக்கிய தோள்களின் பாடு தனிக்கதை.

2013-இல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்ட மலை இது. மேலே சக்கர வீடுகளுக்கு இடம் தேடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அரசு கேரவன் பூங்கா அமைப்பதானால் வத்தலக்குண்டு, பெரியகுளம், பழனி அடிவாரத் தோப்புகளைப் பார்க்கட்டும். நிழல், தண்ணீர்க் குழாய், 15 ஆம்ப் மின் இணைப்பு, கழிவைக் கொட்ட மூடிய தொட்டி, இரவில் ஒரு காவலாளி இருந்தால் போதும். காலையில் கொக்கியைக் கழற்றிவிட்டுக் காரை மட்டும் மேலே எடுத்துப் போகலாம். அதற்கும் மனமில்லாதவர்களுக்கு வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் கொடைக்கானல் பஸ் இருக்கிறது.