நீங்கள் வாத உடம்பா, பித்த உடம்பா? பத்துக் கேள்வி சொல்லிவிடுமா?

"டாக்டர், எனக்கு கப உடம்புங்க. கொள்ளு சாப்பிட்டும் எடை குறையவே மாட்டேங்குது. வேற ஏதாச்சும் மருந்து குடுங்க."

முசரவாக்கத்தைச் சேர்ந்த அந்தப் பெண்ணுக்கு வயது 34. வீட்டிலேயே தறி. கணவர் பட்டு நெய்கிறார். இவர் ராட்டையில் ஊடைக்கு நூல் சுற்றித் தருகிறார்.

"கப உடம்புன்னு யாரும்மா சொன்னது?"

"ஃபோன்ல ஒரு டெஸ்ட் வந்துச்சு டாக்டர். கேட்டதுக்கெல்லாம் பதில் போட்டேன். எண்பது பர்சென்ட் கபம்னு வந்துடுச்சு."

ஃபோனை வாங்கிப் பார்த்தேன். கேள்விகள் ஒன்றும் மோசமில்லை. சீக்கிரம் எடை போடுமா? தூக்கம் அதிகமா? குளிர் ஆகாதா? எந்த வேலையையும் மெதுவாகச் செய்வீர்களா? உடம்பு கனமாக இருக்கிறதா? கப தேகத்துக்கு நம் நூல்கள் சொல்கிற குறிகள்தான் பெரும்பாலும். எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' போட்டிருந்தார். பொய்யும் சொல்லவில்லை.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "இதெல்லாம் எத்தனை நாளா?"

"ரெண்டாவது பையன் பொறந்ததுக்கு அப்புறம்தான். ரெண்டு வருஷம் இருக்கும்."

"அதுக்கு முன்னாடி?"

"நானா? குச்சி மாதிரி இருப்பேன் டாக்டர். ஓடிக்கிட்டே இருப்பேன். எங்க மாமியாரே சொல்வாங்க..."

போதாதா? வாத தேகி, பித்த தேகி, கப தேகி என்பது கருவிலேயே அமைவது. இரண்டு வருடம் முன்பு வந்து உட்கார்ந்தது உடம்பின் வாகு அல்ல, நோய்! அவர் பேசும்போதே குரல் கரகரத்தது. கண்ணுக்குக் கீழே உப்பியிருந்தது. தோல் உலர்ந்து, தொட்டால் சில்லென்றிருந்தது. நாடி மந்தம். காஞ்சிபுரத்துக்கு அனுப்பி ரத்தம் எடுக்கச் சொன்னேன். தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோன், 4 அல்லது 5-க்குள் இருக்க வேண்டியது, 42 இருந்தது. தைராய்டு சுரப்பி சுணங்கிப் போயிருக்கிறது. அது தெரியாமல் எட்டு மாதம் கொள்ளு ரசமும் மிளகும் குடித்து, சோற்றைப் பாதியாகக் குறைத்து, 'என் உடம்பு வாகே இப்படித்தான்' என்று மனதைத் தேற்றிக்கொண்டிருக்கிறார்.

கணவரும் அதே டெஸ்ட்டைப் போட்டுப் பார்த்திருக்கிறார். அவருக்கு 'வாதம்' வந்திருக்கிறது. இடுப்பு வலி, முழங்கால் வலி, சரியான தூக்கமில்லை என்று பதில் போட்டால் வேறென்ன வரும்? குழித்தறியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்து மிதிப்பவருக்கு இடுப்பு வலிக்காமல் என்ன செய்யும்? முகூர்த்த மாதம் வந்தால் ராத்திரியும் தறி ஓடுகிறது. தூக்கம் எங்கே? இதற்காக அவர் வாழைக்காய், உருளை, கடைசியில் பருப்பையும் நிறுத்திவிட்டார். உழைக்கிற உடம்பு, பருப்பை நிறுத்தினால் தாங்குமா?

ஏன் இந்த ஆசை?

இந்த டெஸ்ட்டுகளைப் பார்த்து நான் சிரிக்க மாட்டேன். 'நான் யார்' என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளலாம் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. கோயில் வாசலில் கிளி ஜோசியக்காரர் முன்னால் உட்கார்ந்து பாருங்கள். "உங்களுக்கு இளகின மனசு. ஆனா உங்களைச் சுத்தி இருக்கிறவங்க புரிஞ்சுக்கல." அடடா, எப்படிக் கண்டுபிடித்தார்! பக்கத்தில் நிற்பவருக்கும் அதே சீட்டுதான் வரும் என்பது நமக்குத் தோன்றுவதே இல்லை.

1948-ல் அமெரிக்காவில் போரர் என்ற உளவியல் ஆசிரியர் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார். தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணப் பரிசோதனை வைத்தார். பிறகு, 'உன் பதில்களின்படி உன் குணம் இது' என்று தனித்தனியாக எழுதிக் கொடுத்தார். எவ்வளவு சரியாக இருக்கிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26! பிறகுதான் குட்டு உடைந்தது. 39 பேர் கையிலும் இருந்தது ஒரே தாள். வாசகங்களில் பெரும்பாலானவை கடையில் விற்கும் ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை.

இன்னொரு காரணமும் உண்டு. கோபக்காரர் என்று வீட்டில் பெயரெடுத்தவருக்கு, 'உங்களுக்குப் பித்த உடம்பு' என்று ஒரு தாள் சொன்னால் எத்தனை ஆறுதல்! தப்பு தன்னுடையது அல்ல, பித்தத்தினுடையது. சோம்பேறி என்று திட்டு வாங்கியவருக்குக் கபம் கை கொடுக்கிறது. பழிக்குப் பதில் ஒரு பெயர் கிடைக்கிறது. அந்த ஆறுதலே சில பேருக்கு மருந்து மாதிரி. அதே ஆறுதல்தான் அந்தப் பெண்ணை எட்டு மாதம் டாக்டரிடம் வரவிடாமல் வைத்ததும்.

நம்மைப் பற்றி நாமே சொல்வது

என்னிடம் வரும் ஒரு பெரியவரிடம், "கோபம் வருமா?" என்று கேட்டேன். "சே சே, அதெல்லாம் கிடையாது டாக்டர்" என்றார். பக்கத்தில் அவர் மனைவி. ஒன்றும் பேசவில்லை, ஃபேனை அண்ணாந்து பார்த்தார். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது! ஃபோனில் வரும் கேள்வித்தாளுக்கு இந்த அம்மாவின் முகம் தெரியுமா?

நாம் பொய் சொல்கிறோம் என்பதல்ல. நல்லவராகத் தெரிய வேண்டும் என்ற எண்ணம் பேனாவைப் பிடித்து இழுக்கிறது. 1943-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் உருவான பெரிய மனநலப் பரிசோதனையில் இதற்காகவே சில கேள்விகளை ஊடே கலந்து வைத்தார்கள். யாருக்குமே சில நேரம் வருகிற எரிச்சல் எனக்கு வந்ததே இல்லை என்று ஒருவர் தொடர்ந்து பதில் போட்டால், மற்ற பதில்களையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும் என்று கணக்கு. வாட்ஸப்பில் சுற்றும் பத்துக் கேள்வியில் அந்தக் காவல் எல்லாம் கிடையாது.

அடுத்தது, ஒப்பிட ஆள் இல்லாதது. 'உங்களுக்குப் பசி அதிகமா?' யாரை விட? நாலு அண்ணன்மாரோடு வளர்ந்தவருக்கு ஆறு இட்லி கொஞ்சம்; ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவருக்கு நாலே அதிகம். 'அதிகம் வியர்க்குமா?' என்று சித்திரை மாதம் காஞ்சிபுரத்தில் கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்? நம் சித்த மருத்துவமே பருவத்துக்குப் பருவம் முக்குற்றமும் ஏறி இறங்கும் என்கிறது. முதுவேனிலில் வாதம் பெருக ஆரம்பிக்கும், பின்பனியில் கபம். போன மாதம் போட்ட பதிலை இந்த மாதம் போட மாட்டீர்கள்.

வயது விஷயத்தில் இன்னொரு வேடிக்கை. ஆயுளின் முதல் பகுதி வாதம், நடு வயது பித்தம், முதுமை கபம் என்பது சித்தம். ஆயுர்வேதத்தில் பிள்ளைப் பருவம் கபம், முதுமை வாதம். ஃபோனில் சுற்றுகிற டெஸ்ட் எந்த முறைப்படி எழுதியது என்று எங்கேயாவது போட்டிருக்கிறதா? நான் பார்த்தவற்றில் இல்லை.

எல்லாவற்றையும் விட எனக்கு உறுத்துவது, கோடு கிழித்துப் பிரிப்பது. 35 மார்க் பாஸ், 34 ஃபெயில். ஒரு மார்க்கில் இருவரும் வேறு வேறு ஜாதி ஆகிவிட்டார்கள்! இன்று பல கம்பெனிகளில் ஆட்களின் குணம் பார்க்கப் பயன்படுத்தும் மையர்ஸ்-பிரிக்ஸ் டெஸ்ட்டிலும் இதே கதைதான். கேதரின் பிரிக்ஸ் என்ற அம்மாவும் இசபெல் மையர்ஸ் என்ற மகளும், யுங் 1921-ல் எழுதிய நூலை ஆதாரமாக வைத்து உண்டாக்கியது. மனிதர்களை 16 வகையாகப் பிரிக்கும். சில வாரம் கழித்து மறுபடி எழுதச் சொன்னால் கணிசமான பேருக்கு வேறு வகை வருகிறது. குணம் மாறவில்லை, நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் ஓர் அடி தள்ளி நின்றார்கள், அவ்வளவே. நம் முன்னோர் இதற்காகவே 'தொந்தம்' என்று ஒரு சொல் வைத்தார்கள். வாத பித்தம், பித்த கபம் என்று இரண்டும் கலந்த உடம்புகள். நான் பார்க்கிறவர்களில் கலப்பு உடம்புதான் அதிகம்.

இதய நோய் சொன்ன பாடம்

அலோபதியிலும் இப்படி ஒரு கதை உண்டு. 1950-களில் சான் பிரான்சிஸ்கோவில் ஃப்ரீட்மன், ரோசன்மன் என்ற இரண்டு இதய மருத்துவர்கள், எப்போதும் அவசரம், போட்டி, எரிச்சல் என்று இருப்பவர்களுக்கு 'ஏ' வகை என்று பெயர் வைத்தார்கள். 3154 ஆண்களை எட்டரை வருடம் தொடர்ந்து பார்த்தபோது, 'ஏ' வகையினருக்கு இதய நோய் சுமார் இரண்டு மடங்கு வந்தது.

அவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் விசேஷம். எதிரே உட்கார வைத்துப் பேசினார்கள். பேட்டி எடுப்பவர் சில கேள்விகளை வேண்டுமென்றே இழுத்து இழுத்துக் கேட்பார். எதிரே இருப்பவர் பொறுமை இழந்து பாதியிலேயே வாக்கியத்தை முடித்துவிடுகிறாரா, குரல் வெடிக்கிறதா என்று கவனித்தார்கள். என்ன சொல்கிறார் என்பதை விட எப்படிச் சொல்கிறார் என்பதற்கே மதிப்பு. பிறகு வேலை சுலபமாகட்டும் என்று அதையே எழுதும் கேள்வித்தாளாக்கினார்கள். அந்தப் பேட்டி பிடித்த அளவுக்குக் கேள்வித்தாளால் இதய நோயை முன்கூட்டிப் பிடிக்க முடியவில்லை.

அந்த ஆண்களையே 22 வருடம் தொடர்ந்த கணக்கு 1988-ல் வெளியானது. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களில், 'ஏ' வகையினர் மற்றவர்களை விட நன்றாகவே இருந்தார்கள்! பின்னால் வந்தவர்கள், அவசரம் அல்ல, உள்ளே குமுறும் பகைமைதான் இதயத்துக்குக் கேடு என்று கதையைத் திருத்தினார்கள். இந்த ஆராய்ச்சிகளில் சிலவற்றுக்கு சிகரெட் கம்பெனிகளே பணம் கொடுத்தன என்பதும் தெரிய வந்தது. நெஞ்சு வலிக்குக் காரணம் குணம்தான், புகை அல்ல என்றால் அவர்களுக்கு லாபம்தானே!

வைத்தியர் மட்டும் சரியாகச் சொல்வாரா?

நியாயமான கேள்வி. நோயைக் கணிக்க சித்த மருத்துவம் பொறியால் அறிதல், புலனால் அறிதல், வினாதல் என்று மூன்று வழி சொல்கிறது. வினாதல், அதாவது கேட்டறிவது, மூன்றாவதாகத்தான் வருகிறது. எண்வகைத் தேர்வையும் பாருங்கள்: நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். எட்டில் ஒன்றுகூட 'உன்னைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்' என்பதல்ல. 'மொழி' என்பதும் குரல் எப்படி, பேச்சு எப்படி என்பதுதான்.

ஆனால் எங்களையும் நான் முழுசாக விட்டுக்கொடுக்காமல் பேச முடியாது. ஒரே ஆளை வெவ்வேறு வைத்தியர்கள் பார்த்தால் ஒரே தேகத்தைச் சொல்கிறார்களா என்று ஆயுர்வேதத்தில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஒத்துப்போனது, நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இல்லை. 2024 நவம்பர் 26-ல் ஆயுஷ் அமைச்சகம் நாடு முழுக்கப் பிரகிருதி பரிசோதனை இயக்கம் தொடங்கி, ஒரு மாதத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களின் தேக வகையைக் கைபேசிச் செயலியில் பதிவு செய்தது. அதில் தன்னார்வலர்கள் நேரில் பார்த்துப் பதிந்தார்கள். அது ஒரு படி மேல். இருந்தாலும் ஒரு கோடி பேரில் எத்தனை பேரிடம், "இது எத்தனை நாளா?" என்று யாராவது பொறுமையாகக் கேட்டிருப்பார்கள்? எனக்குக் கவலை அங்கேதான்.

அப்படியானால் கேள்வித்தாளே வேண்டாமா? அப்படியும் இல்லை. வலி, தூக்கம், மனச்சோர்வு... இவற்றை நீங்கள் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும். மனச்சோர்வுக்கு மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒன்பது கேள்வித்தாள் ஒன்று உண்டு. அது 'நீங்கள் எப்படிப்பட்டவர்' என்று கேட்பதில்லை. 'கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது' என்று நாள் கணக்குக் கேட்கிறது. மார்க் அதிகம் வந்தாலும் அதோடு முடிவு கட்டுவதில்லை, மருத்துவர் நேரில் பேசுகிறார். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ அப்படி மனம் கனத்திருந்தால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ஃபோனில் டெஸ்ட் வந்தால் போட்டுப் பாருங்கள், பொழுது போகும். ஆனால் ஒவ்வொரு 'ஆமாம்' பக்கத்திலும் 'எப்போதிலிருந்து' என்று எழுதி வையுங்கள். சிறு வயதிலிருந்தே என்றால் அது உங்கள் வாகாக இருக்கலாம். ஆறு மாதம், ஒரு வருடம் என்றால் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் வாருங்கள். காரணமில்லாமல் எடை கூடுவது, குறைவது, படபடப்பு, ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், மாதவிலக்கில் மாற்றம்... இவை எதற்கும் வாதம், பித்தம் என்று பெயர் வைத்துவிட்டு வீட்டில் உட்காராதீர்கள். வரும்போது கூட ஒருவரை அழைத்து வந்தால் இன்னும் நல்லது. ஃபேனை அண்ணாந்து பார்க்க ஆள் வேண்டுமே!

அந்த முசரவாக்கத்துப் பெண் இப்போது காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை எடுக்கிறார். சத்து மாத்திரையை நாலு மணி நேரம் தள்ளித்தான் போட வேண்டும், தானாக எதையும் நிறுத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். கொள்ளு ரசத்தை வாரத்துக்கு இரண்டு நாள் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அதன் மேல் எனக்கு ஒன்றும் கோபமில்லை. கணவர் பருப்புக்குத் திரும்பிவிட்டார், ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் தறியை விட்டு எழுந்து நடக்கிறார். ஆறு மாதம் கழித்து வந்தபோது அந்தப் பெண்ணின் டி.எஸ்.எச். 3-க்கு இறங்கியிருந்தது, குரலும் தெளிந்திருந்தது.

"டாக்டர், மறுபடியும் அந்த டெஸ்ட் போட்டுப் பார்த்தேன்" என்றார் சிரித்துக்கொண்டே. "இப்ப பித்தம்னு வருது."