குட்டியானையிலிருந்து பாரம் இறக்கும்போது கவனம் தேவை

யானைக்கும் அடி சறுக்கும் என்பது பழமொழி. கிராமத்துச் சாலைகளில் இன்று ஓடும் 'குட்டியானை'க்கும் இது பொருந்தும். 2005ஆம் ஆண்டில் டாடா ஏஸ் என்ற பெயரில் வெளிவந்த முக்கால் டன் சரக்கு வண்டிக்கு மக்கள் வைத்த செல்லப் பெயர் அது. 2011இல் ஒன்றேகால் டன் ஏற்றும் அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. உர மூட்டை, விதை நெல், மாட்டுத் தீவனம், மோட்டார் பம்பு, பவர் டில்லர் என எல்லாமே இத்தகைய வண்டிகளில்தான் இப்போது களத்துமேட்டுக்கு வந்து சேருகின்றன. கடையில் ஏற்றுவதற்கு ஆள் உண்டு. வீட்டில் இறக்குவதற்கு ஆள் இல்லை. விபத்துக்கு வித்து இங்கேதான் விழுகிறது.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் இந்த வேற்றுமை கண்கூடாகத் தெரிகிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி 1998இல் தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான், 2012இல் டைம்லர் லாரி, 2013இல் ராயல் என்பீல்டு எனத் தொழிற்சாலைகள் அடுத்தடுத்து எழுந்தன. மதில் சுவருக்கு உள்ளே ஒரு டன் பாரத்தைப் போர்க்லிப்ட் வண்டி சில நிமிடங்களில் இறக்கி வைத்துவிடுகிறது. மதிலுக்கு வெளியே ஏரிப் பாசனத்தில் நெல் விளைகிறது. அங்கே அதே பாரத்தை இறக்குவது மனிதனின் முதுகு. வீட்டு இளைஞர்கள் ஷிப்ட் வேலைக்குப் போயிருக்கும் பகல் வேளையில் வண்டி வந்து நின்றால், வயதான தம்பதியர்தான் இறக்க முன்வருகின்றனர். அவசரப்படும் டிரைவர் இன்னொரு பக்கம். இந்தச் சூழ்நிலையில் கடைப்பிடிக்க வேண்டிய முறைகளை ஒவ்வொரு விவசாயக் குடும்பமும் அறிந்திருப்பது நல்லது.

முதுகு ஒரு வெள்ளிக்கோல்

முதுகெலும்பைத் தாங்கும் தசை, எலும்பின் மையத்திலிருந்து சுமார் 2 அங்குலத் தொலைவில்தான் இழுக்கிறது. கையில் உள்ள சுமையோ ஒன்றரை அடி தள்ளி இருக்கிறது. வெள்ளிக்கோலில் தண்டின் நுனியில் தொங்கும் சிறிய எடை, பிடிக்கு அருகில் உள்ள பெரிய சரக்கைச் சமன் செய்வதை விவசாயிகள் அறிவர். முதுகிலும் அதே கணக்குதான். குனிந்து, கையை நீட்டி 20 கிலோவைத் தூக்கினால் தசை சுமார் 180 கிலோ அளவுக்கு இழுக்க நேரிடும். அதே சுமையை முக்கால் அடித் தொலைவுக்கு, அதாவது வயிற்றோடு அணைத்துப் பிடித்தால் இந்த இழுப்பு பாதியாகக் குறையும். குனிந்தபடியே உடலைத் திருப்பும்போது எலும்புகளுக்கு இடையே உள்ள ஜவ்வு விலகக்கூடும்.

எவ்வளவு தூக்கலாம் என்பதற்கும் அளவு உண்டு. அமெரிக்கத் தொழில் நல ஆய்வு நிறுவனம் 1991இல் வகுத்த கணக்கின்படி, எல்லா வசதியும் பொருந்திய நிலையிலும் ஒருவர் தூக்கத்தக்க பாதுகாப்பான அளவு 23 கிலோவே. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் அதிகபட்சச் சுமை பற்றிய உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. அதனுடன் வந்த பரிந்துரை ஆண்களுக்கு உச்சவரம்பாக 55 கிலோவைக் குறித்தது. இந்தியா இந்த உடன்படிக்கையை 2010இல் ஏற்றது. கட்டடத் தொழிலாளர்களுக்கான 1998ஆம் ஆண்டின் மத்திய விதிகள் ஆணுக்கு 55 கிலோ, பெண்ணுக்கு 30 கிலோ என்று வரையறுத்தன. வயலுக்கும் களத்துக்கும் இவ்விதிகள் எழுதப்படவில்லை. ஆனால் கட்டடத் தொழிலாளியின் முதுகும் உழவரின் முதுகும் ஒன்றுதான்.

மூட்டையின் எடையும் காலப்போக்கில் குறைந்துவருவது நல்ல மாற்றம். 50 கிலோவாக இருந்த யூரியா மூட்டை 2018 முதல் 45 கிலோவாக வருகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு 40 கிலோ நெல் பிடிக்கிறார்கள். ஆயினும் டி.ஏ.பி.யும் சிமெண்டும் 50 கிலோ மூட்டைகளே. இவற்றைப் பெண்களும் முதியோரும் தனியாகத் தூக்கவே கூடாது. ஒரு மூட்டைக்கு இருவர் என்பதை விதியாகக் கொள்ள வேண்டும்.

கதவைத் திறக்கும் முன்பே

விபத்துகளுக்கு வண்டி நிற்கும் இடமே காரணமாகிவிடுவது உண்டு. வரப்பின் ஓரம், வாய்க்கால் கரை, புதிதாக மண் கொட்டிய இடம், மழையில் ஊறிய களம் ஆகிய இடங்களில் வண்டியை நிறுத்தக் கூடாது. சமதளமான கெட்டித் தரையே ஏற்றது. மேலே மின்கம்பி தாழ்ந்து தொங்குகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். கைப்பிரேக்கைப் போட்டு, கியரில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட வேண்டும். பின்னர் சக்கரத்தின் முன்னும் பின்னும் கட்டையோ கல்லோ வைத்து அண்டை கொடுத்தல் அவசியம். பாரத்தை இழுக்கும்போது வண்டியும் சேர்ந்து நகரும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

குண்டும் குழியுமான பாதையில் வந்த சரக்கு பின்கதவின் மேல் சாய்ந்து நிற்கும். எனவே கதவுக்கு நேராக நின்று கொக்கியைத் தட்டக் கூடாது. பக்கவாட்டில் நின்று, கதவை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, சிறிதளவு தளர்த்திப் பார்த்த பிறகே திறக்க வேண்டும். குழந்தைகளையும் கால்நடைகளையும் தொலைவில் நிறுத்துவது நல்லது.

தட்டோடு வரும் சரக்கு

தொழிற்சாலைகளில் சரக்கை அடுக்கப் பயன்படும் மரத் தட்டுக்குப் பேலட் என்று பெயர். சாதாரணமாக இது 4 அடி நீளமும் மூன்றேகால் அடி அகலமும் உடையது. வெறும் தட்டே 20 கிலோ அளவுக்கு இருக்கும். இதன் மேல் 20 யூரியா மூட்டைகளை அடுக்கினால் மொத்தம் 920 கிலோ. முக்கால் டன் வண்டிக்கு இது தாங்காத பாரம். தோஸ்த் போன்ற வண்டி தாங்கும். ஆனால் வீட்டில் இறக்குவதற்குப் போர்க்லிப்ட் கிடையாது.

இத்தகைய நேரத்தில் தட்டில் கயிறு கட்டி டிராக்டரால் இழுப்பது மிகவும் ஆபத்தானது. தட்டின் பாதி வெளியே வந்ததும் பாரம் மொத்தமும் ஒரு பக்கம் குடைசாயும். கயிறு அறுந்தால் சாட்டைபோல் வந்து அடிக்கும். கடப்பாரையால் நெம்பிக் கீழே தள்ளுவதும் தவறு. சரக்கு சரியத் தொடங்கிவிட்டால் அதைக் கையால் தாங்கிப் பிடிக்க முயலவே கூடாது, ஒதுங்கிவிட வேண்டும். மூட்டை கிழிந்தால் நட்டம் சில நூறு ரூபாய். விலா எலும்பு முறிந்தால் நடவுப் பருவமே போய்விடும்.

சரியான முறை, தட்டு வண்டியிலேயே இருக்க, மூட்டைகளைப் பிரித்து இறக்குவதுதான். சுற்றியுள்ள பிளாஸ்டிக் பட்டை இறுக்கமாக இருக்கும். வெட்டும்போது தெறித்து முகத்தில் படும். ஆகவே பக்கவாட்டில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெட்ட வேண்டும். மேல் அடுக்கிலிருந்து தொடங்கி, வலம் ஒன்று இடம் ஒன்று என மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் காலி செய்தால் எஞ்சிய அடுக்கு சரியும்.

வண்டியின் தளம் ஏறக்குறைய இடுப்பு உயரத்தில் இருப்பது இயற்கையாகக் கிடைத்த வசதி. வண்டி மேல் உள்ளவர் மூட்டையைத் தளத்தின் விளிம்புவரை நகர்த்தித் தந்தால், கீழே உள்ளவர் குனியாமலே முதுகிலோ, சும்மாடு வைத்துத் தலையிலோ வாங்கிக்கொள்ளலாம். திரும்ப வேண்டுமானால் இடுப்பை முறுக்காமல் காலை எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும். மேலிருந்து மூட்டையைத் தூக்கிப்போட, கீழே ஒருவர் பிடிப்பது கழுத்துக்குக் கேடு.

வெகுதூரம் வண்டியில் உட்கார்ந்து வந்தவர் இறங்கியவுடனே மூட்டையைத் தொடக் கூடாது. சிறிது நேரம் நடந்துவிட்டுத் தொடங்க வேண்டும். காலையில் படுக்கையை விட்டு எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் முதுகு ஜவ்வு நீர் ஊறிப் பருத்திருக்கும். அந்த வேளையில் குனிந்து பாரம் தூக்குவதைத் தவிர்ப்பது நல்லது.

சக்கரம் வைத்த கைத்தள்ளு பேலட் வண்டியைச் சிலர் வாடகைக்கு எடுக்கின்றனர். சிமெண்டுத் தரைக்கு மட்டுமே அது ஏற்றது. மண் தரையில் அதன் சிறு சக்கரங்கள் புதையும். சரிவில் அதைப் பிடித்து நிறுத்த மனித பலம் போதாது.

பவர் டில்லரை இறக்கும் முறை

பவர் டில்லர் சுமார் 400 கிலோ எடையுள்ளது. நாலு பேர் சேர்ந்து தூக்கினாலும் ஆளுக்கு 100 கிலோ. எனவே இதைத் தூக்கவே கூடாது; சாய்வுப் பலகை வழியே உருட்டித்தான் இறக்க வேண்டும். தளத்தின் உயரம் இரண்டரை அடி என்று கொள்வோம். 5 அடிப் பலகை போட்டால் எடையில் பாதி, அதாவது 200 கிலோ அளவுக்கு இயந்திரம் கீழ்நோக்கி இழுக்கும். 10 அடிப் பலகை போட்டால் இழுப்பு 100 கிலோவாகக் குறையும். பலகையின் நீளம் கூடக் கூட ஆபத்து குறைகிறது.

பலகை 2 அங்குலக் கனமும் ஓர் அடி அகலமும் உள்ள வைரம் பாய்ந்த மரமாக இருக்க வேண்டும். விரிசலும் கணுவும் கூடாது. நடுவில் கட்டையால் முட்டுக் கொடுக்க வேண்டும். வழுக்காமல் இருக்கக் குறுக்குச் சட்டங்களை அடித்துக்கொள்ளலாம். பலகையின் மேல் முனையை வண்டியோடு கொக்கியாலோ கயிற்றாலோ பிணைத்தல் மிக முக்கியம். பாரம் இறங்க இறங்க வண்டியின் பட்டை வில் நிமிர்ந்து தளம் உயரும். கட்டாத பலகை அப்போது நழுவி விழும்.

இயந்திரத்தில் கட்டிய கயிற்றை வண்டியின் முன்பக்கத்தில் உள்ள உறுதியான கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே நிற்பவர் சிறிது சிறிதாக விட வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. பலகைக்கு நேர் கீழே எவரும் நிற்கக் கூடாது. இன்ஜினை ஓட்டி இறக்குவதானால், பயிற்சி பெற்றவர் மட்டுமே கையேட்டில் உள்ளபடி செய்ய வேண்டும். சரிவில் திசை திருப்பும் கிளட்சை அழுத்தினால் இயந்திரம் எதிர்பாராத பக்கம் திரும்பிப் பலகையிலிருந்து விழும்.

பழைய தட்டின் பயன்

தொழிற்சாலைகள் கழித்துவிடும் மரத் தட்டுகளை விவசாயிகள் விலைக்கு வாங்கிப் பயன்படுத்தலாம். அவற்றின் மேல் உரமும் விதையும் அடுக்கினால் தரையின் ஈரம் ஏறாது. முதலில் வெறும் தட்டை அறையில் போட்டுவிட்டுப் பிறகு மூட்டைகளை இறக்கினால் இரண்டாம் முறை தூக்கும் வேலை மிச்சம். ஓர் அடுக்கு நீளவாக்கிலும் அடுத்தது குறுக்காகவும் அடுக்க வேண்டும். சுவருக்கும் அடுக்குக்கும் ஒன்றரை அடி இடைவெளி நல்லது. கடைசி மூட்டை தோள் உயரத்தைத் தாண்ட வேண்டாம்.

வெளிநாட்டு வணிகத்தில் வந்த தட்டில் கோதுமைக் கதிர் முத்திரை இருக்கும். மரத்தோடு பூச்சிகள் நாடு விட்டு நாடு பரவாமல் தடுக்க 2002இல் வகுத்த சர்வதேச விதியின் அடையாளம் அது. 'எச்.டி.' என்று இருந்தால், மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டது என்று பொருள். 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு நச்சு வாயு ஊட்டப்பட்டது. எம்.பி. முத்திரை உள்ளவற்றையும், எண்ணெயோ ரசாயனமோ சிந்தியவற்றையும் விதைக்கும் தீவனத்துக்கும் பயன்படுத்தாமல், அடுப்பிலும் எரிக்காமல் ஒதுக்குவது நல்லது. நீட்டிக்கொண்டிருக்கும் ஆணிகளைப் பிடுங்கிய பிறகே தட்டைக் கையாள வேண்டும்.

அடிபட்டால்

பாரம் விழுந்து ஒருவர் நசுங்கினாலோ, கீழே விழுந்து முதுகில் அடிபட்டாலோ அவரை இழுத்து உட்கார வைக்கக் கூடாது. படுத்த நிலையிலேயே வைத்து 108க்குத் தகவல் தர வேண்டும். பாரம் தூக்கிய பின் கால் மரத்துப் போதல், தொடையிடுக்கில் உணர்ச்சி குறைதல், சிறுநீர் கழிக்க முடியாமை ஆகியவை தென்பட்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எண்ணெய் தேய்த்து, மிதித்துச் சரிசெய்ய முயன்று நாளைக் கடத்தினால் கால் செயலிழக்கவும் கூடும்.

ஊருக்கு ஓர் இறக்குமேடை

பழைய கூட்டுறவுச் சங்கக் கிடங்குகள் பலவற்றில் தரை உயர்த்திக் கட்டப்பட்டிருப்பதைக் காணலாம். லாரியின் தளமும் கிடங்கின் தரையும் சமமாக இருந்தால் மூட்டையைத் தூக்க வேண்டியதில்லை, நகர்த்தினால் போதும். இதே கருத்தில், களத்துமேட்டின் ஓரத்தில் கருங்கல்லும் மண்ணும் கொண்டு, வண்டித் தளத்தின் உயரத்துக்கு ஒரு மேடை அமைத்து, மறுபக்கம் நீண்ட சரிவு விடலாம். பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் ஆளுக்கு ஆகும் செலவு அதிகமில்லை. மேடையோடு இரண்டு நல்ல பலகைகள், நான்கு சக்கரக் கட்டைகள், ஒரு வடக்கயிறு ஆகியவற்றையும் பொதுவில் வாங்கி வைக்கலாம்.

அதுவரை செலவில்லாத வழி ஒன்று உண்டு. உரம் எடுக்கும்போதே தட்டாக வேண்டாம், தனித்தனி மூட்டையாக ஏற்றுங்கள் என்று கடையில் சொல்லிவிடலாம். வீட்டு இளைஞர் ஷிப்ட் முடிந்து இருக்கும் நேரத்தில் வண்டியை வரச் சொல்லலாம். வாடகை பேசும்போதே இறக்குவதற்கு அரை மணி நேரம் சேர்த்துப் பேசிக்கொள்ளலாம். டிரைவரின் அவசரத்துக்கு முதுகைக் கொடுக்காத விவசாயி, பருவம் முழுவதும் தன் காலில் நின்று பயிரைப் பார்த்துக்கொள்ள முடியும்.