காவலுக்கே ஒரு காவல்

வீட்டு மின்பெட்டியைத் திறந்து பாருங்கள். வரிசையாக இருக்கும் சுவிட்சுகளுக்கு நடுவே, ஆங்கில ‘டி’ எழுத்துப் போட்ட சிறிய பொத்தான் ஒன்று இருக்கும். அதைக் கடைசியாக எப்போது அழுத்தினீர்கள்? பலருடைய பதில், “அழுத்தியதே இல்லை” என்பதாகத்தான் இருக்கும்.

அந்தப் பொத்தான் இருப்பது ‘ஆர்சிசிபி’ என்ற பாதுகாப்புச் சாதனத்தில். வாட்டர் ஹீட்டரில் கசியும் மின்சாரம் குளிப்பவர் உடல் வழியாகத் தரைக்குப் பாய்ந்தால், கண் இமைப்பதற்குள் இணைப்பைத் துண்டிப்பது அதன் வேலை. அந்த வேலை பத்து ஆண்டுகளில் ஒருமுறைகூட வராமல் போகலாம். அதுவரை அது சும்மா இருக்கும். நல்ல நிலையில் சும்மா இருக்கிறதா, பழுதாகிச் சும்மா இருக்கிறதா? பார்த்தால் தெரியாது.

தன்னையே சோதிக்கும் ரிலே

மின்துறைப் பொறியாளர்களுக்கும் இதே கவலை நெடுங்காலம் இருந்தது. துணை மின்நிலையங்களில் உயரழுத்தக் கம்பிகளையும் டிரான்ஸ்ஃபார்மர்களையும் காப்பது ‘ரிலே’. கம்பியில் மரக்கிளை உரசினால் அதை உணர்ந்து, இணைப்பைத் துண்டிக்கும்படி பிரேக்கருக்குக் கட்டளையிடும். பழைய ரிலேக்களில் சுழலும் தகடும் சுருள்வில்லும் இருந்தன. தூசு படிந்து தகடு இறுகிப்போனாலும் வெளியே தெரியாது. அடுத்த சோதனையில் தெரியும். அல்லது அடுத்த விபத்தில் தெரியும்.

1980களில் பரவத் தொடங்கிய கணினி வகை ரிலேக்கள் இந்த நிலையை மாற்றின. கம்பியைக் கண்காணிக்கும்போதே அவை தம்மையும் சோதித்துக்கொள்கின்றன. நினைவகத்தில் உள்ள தகவல் சிதைந்துவிட்டதா, தமக்கு வரும் மின்சாரம் சரியாக இருக்கிறதா, அளவீடு பிசகியதா என்று அடிக்கடி பார்க்கின்றன. பெரிய கோளாறு என்றால், தவறான கட்டளை போய்விடாதபடி தம்மை முடக்கிக்கொண்டு எச்சரிக்கை எழுப்புகின்றன.

சரி, ரிலேயே செத்துவிட்டால் யார் சொல்வது? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். நலமாக இருக்கும்வரை ரிலே ஒரு சிறிய சுவிட்சை மின்சாரத்தால் இழுத்துப் பிடித்திருக்கும். அது செயலிழந்ததும் பிடி விட்டுப்போகும். உடனே மணி அடிக்கும்.

ஆனாலும், மனிதர் தவறான அளவைப் பதித்துவிட்டால் ரிலேக்குத் தெரியாது. அதனால்தான் நேரடிச் சோதனைகள் இன்றும் தொடர்கின்றன.

சொல்லாமல் நின்ற காவல்

காவல் நின்றுபோனது தெரியாவிட்டால் என்ன ஆகும்? 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஒரு மின் கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மென்பொருள் சத்தமில்லாமல் நின்றுபோனது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஊழியர்களுக்கு அது தெரியவில்லை. எச்சரிக்கை வராததால் எல்லாம் சரியாக இருப்பதாகவே நினைத்தார்கள். வெளியே உயரழுத்தக் கம்பிகள் மரங்களில் உரசி, ஒன்றன்பின் ஒன்றாக இணைப்பு இழந்தன. அன்று மாலை அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடி பேர் மின்சாரமின்றித் தவித்தனர்.

வீட்டில் அந்த வேலை உங்களுடையது

சிங்கப்பூரில் 2023 ஜூலை முதல் எல்லா வீடுகளுக்கும் ஆர்சிசிபி கட்டாயம். மலேசிய வீடுகளிலும் அது வழக்கமாக உண்டு. ஆனால் நம் வீடுகளில் உள்ள சாதாரண ஆர்சிசிபி தன்னைத் தானே சோதித்துக்கொள்ளாது. அதற்காகத்தான் அந்தப் பொத்தான்.

கணினி போன்றவற்றை அணைத்துவிட்டு மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்துங்கள். சுவிட்ச் ‘டக்’கென்று கீழே விழ வேண்டும். விழுந்தால் மீண்டும் தூக்கிவிடுங்கள், வேலை முடிந்தது. விழவில்லை என்றால் தாமதிக்காமல் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழையுங்கள். பொத்தான் சோதிப்பது சாதனத்தை மட்டுமே. எர்த் கம்பியின் நிலையை அவர்தான் பார்த்துச் சொல்ல முடியும்.

இந்த வாரக் கடைசியில் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.