நெட் ஸ்லோவா? புகார் எண்ணை வாங்கி வையுங்கள்

மின்சாரம் போனால் மின்வாரியத்துக்குப் போன் போடுகிறோம். குழாயில் தண்ணீர் வராவிட்டால் கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நிற்கிறோம். நெட் மெதுவாக வந்தால் மட்டும், "எங்க ஏரியாவுல எப்பவும் இப்படித்தான்" என்று அலுத்துக்கொண்டு மோடத்தை ஒருமுறை அணைத்துப் போடுவதோடு சரி. மாதாமாதம் காசு கட்டி வாங்குகிற சேவை அது. குறை இருந்தால் கேட்கலாம், வாடகையில் கழிவு வாங்கலாம், வழக்கும் போடலாம். ஆனால் கேட்கிறவர் கையில் ஏதாவது எழுத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலோர் தோற்பது அங்கேதான். ஐந்து முறை போனில் சத்தம் போட்டிருப்பார்கள். ஒரு புகார் எண்கூட இருக்காது.

எவ்வளவு வேகம் இருந்தால் அது பிராட்பேண்ட்? 2004-ல் அரசு வகுத்த கொள்கையில் நொடிக்கு 256 கிலோபிட் போதும் என்றிருந்தது. பிறகு அது 512 ஆனது. 2023 ஜனவரியில் தொலைத்தொடர்புத் துறை அதை 2 மெகாபிட்டாக உயர்த்தியது. அதற்குக் கீழே போனால் அந்த இணைப்பைப் பிராட்பேண்ட் என்று சொல்லி விற்கவே முடியாது. இது அடிமட்ட அளவுதான். நீங்கள் 100 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டியிருந்தால் உங்கள் கணக்கு அந்த நூறிலிருந்துதான் தொடங்க வேண்டும். இதில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். 100 மெகாபிட் திட்டத்தில் ஒரு படத்தை இறக்கினால் திரையில் நொடிக்கு 12 மெகாபைட் என்றுதான் காட்டும். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். அதை ஏமாற்று என்று நினைத்துச் சண்டைக்குப் போனால் அவமானம் நமக்குத்தான்.

உண்மையான ஏமாற்று வேறு இடத்தில் இருக்கிறது. "அன்லிமிடெட்" என்று சொல்லி விற்கிற பல திட்டங்களில், குறிப்பிட்ட ஜிபி தாண்டியதும் வேகம் சரேலென்று இறங்கும். அந்த வரம்பு எவ்வளவு, அதற்குப் பிறகு என்ன வேகம் என்பதை விளம்பரத்திலும் இணையதளத்திலும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 அக்டோபரில் உத்தரவிட்டது. பாதி தீர்ந்ததும், 90 சதவீதம் தீர்ந்ததும், முழுவதும் தீர்ந்ததும் வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்பதும் அதில் உண்டு. மாதக் கடைசியில் மட்டும் நெட் படுத்தால், முதலில் திட்டத்தின் விவரத்தை எடுத்துப் படியுங்கள்.

புகாருக்கு முன் கோளாறு யாருடையது என்று பார்த்துவிடுவது நல்லது. ஃபைபர் இணைப்பின் மோடத்தில் எல்.ஓ.எஸ். என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ வெளிச்சம் உங்கள் வீடு வரை வந்து சேரவில்லை. கம்பி எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது மடங்கியிருக்கிறது. மாடியில் துணி காயப்போடுகிறவர்களும் அணிலும் செய்கிற வேலை இது. அந்த விளக்கு அணைந்து, பி.ஓ.என். விளக்கு நிலையாகப் பச்சையில் எரிந்தும் நெட் ஊர்ந்தால், ஒரு லேன் கம்பியை மோடத்திலிருந்து நேராக மடிக்கணினியில் செருகிச் சோதியுங்கள். கம்பியில் வேகம் சரியாக இருந்து போனில் மட்டும் குறைந்தால், சிக்கல் வீட்டு வைஃபையில். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டிப் போகும், ஆனால் பக்கத்து வீட்டு வைஃபைகளோடு நெரிசலில் மாட்டிக்கொள்ளும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் ரெண்டு சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். மோடத்தை டிவிக்குப் பின்னால் மறைத்து வைத்துவிட்டு நிறுவனத்தைத் திட்டிப் பயனில்லை.

கம்பியிலும் வேகம் இல்லையென்றால் காலை, மாலை, இரவு பத்து மணி என்று வெவ்வேறு நேரத்தில் சோதித்து, தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். டிராயின் மைஸ்பீட் செயலி இதற்கென்றே 2016-ல் வந்தது. அதில் எடுக்கும் அளவை அங்கிருந்தே ஆணையத்துக்கும் அனுப்பலாம். இரவில் மட்டும் குறைகிறது என்றால் பெரும்பாலும் அந்தத் தெருவுக்கு வரும் மொத்தக் கொள்ளளவைவிட அதிகம் பேருக்கு இணைப்பு விற்றிருக்கிறார்கள். மோடத்தை அணைத்துப் போட்டால் அது தீராது.

இனி புகார். டிராய்க்கு நேராக மெயில் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்கள் பலர். தனிநபர் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரம் டிராய்க்கு இல்லை. 2012-ல் அது வகுத்த விதிகளின்படி வழி இரண்டு படி. முதலில் நிறுவனத்தின் புகார் மையம். செல்பேசி என்றால் 198 என்ற எண், கட்டணம் கிடையாது. புகார் பதிவானதும் ஒரு எண் தர வேண்டும். அது குறுஞ்செய்தியிலும் வர வேண்டும். "எழுதிக்கிட்டோம் சார், ஆள் வருவாங்க" என்பது புகார் ஆகாது. எண் வராதவரை போனை வைக்காதீர்கள். சேவைக் கோளாறு மூன்று நாளில் தீர வேண்டும். தீரவில்லை, அல்லது தீர்வு திருப்தியில்லை என்றால், அதே நிறுவனத்தில் இருக்கும் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இதற்கும் கட்டணமில்லை. அவர் 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். இப்படி ஒரு அதிகாரி இருப்பதே பலருக்குத் தெரியாது. நிறுவனங்களும் அவருடைய முகவரியைத் தளத்தின் அடிமூலையில், கண்ணில் படாத எழுத்தில்தான் போட்டு வைத்திருக்கின்றன. அங்கேயும் நடக்காவிட்டால் மத்திய அரசின் பொதுக் குறைதீர் தளத்தில் தொலைத்தொடர்புத் துறையைத் தேர்ந்தெடுத்து, புகார் எண்ணையும் மேல்முறையீட்டு எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். அந்த இரண்டும் இல்லாத மனு பெரும்பாலும் வந்த வழியே திரும்பும்.

பிராட்பேண்ட் மூன்று நாளுக்கு மேல் செத்துக் கிடந்தால் வாடகையில் கழிவு கேட்கலாம். செல்பேசிக்கும் இது வந்துவிட்டது. டிராயின் 2024-ஆம் ஆண்டு சேவைத்தர விதிகளின்படி, ஒரு மாவட்டத்தில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் முடங்கினால் போஸ்ட்பெய்டுக்குக் கழிவு, ப்ரீபெய்டுக்குக் கூடுதல் நாட்கள். அந்த விதிகளின்படியே எந்த ஊரில் 4ஜி, 5ஜி கிடைக்கிறது என்ற வரைபடத்தையும் நிறுவனங்கள் தங்கள் தளத்தில் போட வேண்டும். வேறு நிறுவனத்துக்கு மாறுமுன் உங்கள் தெருவை அதில் தேடிப் பாருங்கள். ஒரே நெட்வொர்க்கில் 90 நாள் இருந்தவர்கள் 1900-க்குச் செய்தி அனுப்பி எண் மாறாமல் மாறலாம். ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் என்றால் மூன்று வேலை நாள்.

சிற்றூர்களிலும் நகர்ப்புற ஓரங்களிலும் இன்னொரு சிக்கல். இணைப்பு தருவது கேபிள்காரர். மாதம் பிறந்தால் அவரே பைக்கில் வந்து, அட்டையில் டிக் அடித்துப் பணம் வாங்கிப் போவார். அண்ணே, தம்பி என்று பழக்கம்; பில் கேட்டால் சங்கடம். ஆனால் உரிமம் வேறொரு நிறுவனத்தின் பேரில் இருக்கும். அவர் அதன் உள்ளூர் முகவர் மட்டும்தான். அந்த நிறுவனத்தின் பெயர் போட்ட பில் இல்லாமல் பின்னால் எதுவும் செய்ய முடியாது. பெயர்கூடத் தெரியவில்லையா? வேகச் சோதனைத் தளத்தைத் திறந்தால் சேவை தருபவரின் பெயர் அதிலேயே தெரியும். பில் கிடைக்கும்வரை பணத்தை யுபிஐ வழியாகவாவது கட்டுங்கள், கட்டிய தடயம் இருக்கும்.

வேகம் குறைந்த இணைப்பில் உண்மையான நஷ்டம் படம் பார்ப்பதில் இல்லை, விண்ணப்பம் போடுவதில்தான். கடைசி நாள் இரவு. நாலு பக்கப் படிவத்தை நிரப்பியாயிற்று. புகைப்படம் இத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும், கையெழுத்து அத்தனைக்குள் இருக்க வேண்டும். ஏற்றும்போது வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. திடீரென நேரம் முடிந்தது என்று சொல்லி முதல் பக்கத்துக்கே தள்ளிவிடுகிறது. செல்பேசியிலோ பாதிப் பொத்தான் திரைக்கு வெளியே. படத்தையும் கையெழுத்தையும் முன்கூட்டியே சுருக்கி வையுங்கள். நீளமான பதில்களை வேறிடத்தில் எழுதி வைத்து ஒட்டுங்கள். விடிகாலையில் போடுங்கள். ஒப்புகைச் சீட்டை பிடிஎஃப்-ஆக இறக்கும்வரை வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள்.

பணம் கட்டும் பக்கத்தில் நெட் நின்றுவிட்டால் பின்னால் போகும் பொத்தானைத் தொடாதீர்கள். உடனே இரண்டாம் முறையும் கட்டாதீர்கள். வங்கிக் கணக்கைப் பாருங்கள். பணம் போயிருந்தால் பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வையுங்கள். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இட்ட உத்தரவின்படி, யுபிஐ-யில் ஒருவருக்கு அனுப்பிய பணம் சேராவிட்டால் மறுநாளுக்குள்ளும், கடைக்கோ தளத்துக்கோ கட்டியது உறுதியாகாவிட்டால் ஐந்து நாளுக்குள்ளும் தானாகவே திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் கேட்காமலேயே தர வேண்டும். வங்கிக் கிளையில் இதைச் சொன்னால் சிலர் விழிப்பார்கள். எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் தீர்வில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே முறையிடலாம். விவரம் கேட்க 14448.

தவறிப்போன கடைசித் தேதிக்கு மட்டும் இவ்வளவு எளிய பரிகாரம் இல்லை. தேர்வு நடத்துவது நுகர்வோர் சட்டம் சொல்கிற சேவை ஆகாது என்று பீகார் பள்ளித் தேர்வு வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009-லேயே சொல்லிவிட்டது. நேரம் முடிவதற்கு முன்பே, பிழை தெரியும் ஸ்கிரீன்ஷாட்டுடன் உதவி மையத்துக்கு மெயில் அனுப்புவது ஒன்றுதான் பின்னால் கைகொடுக்கும். 2025 ஏப்ரலில் பிரக்யா பிரசூன் வழக்கில், டிஜிட்டல் சேவைகளைப் பெறுவது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கண் சிமிட்டிக் காட்டச் சொல்லும் கேஒய்சி முறையால் வங்கிக் கணக்கே தொடங்க முடியாத ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் தொடுத்த வழக்குகள் அவை. கிராமத்து மக்களும் முதியவர்களும் ஒதுக்கப்படுவதையும் தீர்ப்பு பேசுகிறது. நாளைக் காலையே உங்கள் தெருவில் வேகம் கூடிவிடாது. ஆனால் அரசுத் தளம் எல்லோருக்கும் பயன்பட வேண்டும் என்று மனுவில் எழுத அது பிடிமானம்.

தனியார் தளங்களின் கோணல் அமைப்பு பல சமயம் கவனக்குறைவு அல்ல, திட்டமிட்டது. டிக்கெட் எடுக்கும்போது காப்பீட்டுக்கு முன்கூட்டியே டிக் போட்டிருப்பது, "இன்னும் ரெண்டே இடம்" என்று பொய்யாக அவசரப்படுத்துவது, சந்தாவை நிறுத்தும் பொத்தானை ஒளித்து வைப்பது எல்லாம் 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்த 13 தந்திரங்களில் அடங்கும். மெதுவான இணைப்பில் இவை இன்னும் எளிதாகச் சிக்க வைக்கும். பக்கம் பாதி வந்ததும் பொத்தானை அழுத்தப் போவோம். தாமதமாக வந்த விளம்பரம் எல்லாவற்றையும் கீழே தள்ள, விரல் விளம்பரத்தின்மேல் விழும். பக்கம் முழுவதும் வந்து அசையாமல் நிற்கும்வரை எதையும் தொட வேண்டாம். பணம் போயிருந்தால் 1915-ல் சொல்லுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

எரிச்சலில் இருக்கும் ஆளைத்தான் மோசடிக்காரர் தேடுகிறார். நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூகுளில் தேடி முதலில் வருவதை அழைக்காதீர்கள். பில்லிலோ நிறுவனத்தின் செயலியிலோ இருப்பதை மட்டும் அழையுங்கள். "வேகத்தைக் கூட்டித் தர்றோம், இந்த ஆப்பை இறக்குங்க" என்று சொன்னால் அது உங்கள் திரையை அங்கிருந்தே பார்க்கும் செயலி. செல்பேசியில் சிக்னல் திடீரென்று அறவே நின்று, அக்கம்பக்கத்தில் அதே நிறுவனம் ஓடிக்கொண்டிருந்தால், உங்கள் எண்ணில் வேறொருவர் சிம் வாங்கியிருக்கலாம். வேறு போனிலிருந்து உடனே நிறுவனத்தையும் வங்கியையும் அழையுங்கள். பணம் போய்விட்டால் இணைய மோசடிக்கான உதவி எண் 1930.

எல்லா வாசலும் அடைபட்டால் நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்பு வழக்குகளை அங்கே எடுக்கக் கூடாது என்று நிறுவனங்கள் பல காலம் வாதாடின. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை முடித்து வைத்தது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். இணைக்க வேண்டியவை பில், புகார் எண், மேல்முறையீட்டுக்கு வந்த பதில், வேகச் சோதனையின் ஸ்கிரீன்ஷாட்டுகள். அந்தத் தளத்திலும் கோப்பு ஏற்ற நெட் வேண்டும். ஊர்கிற இணைப்பு என்றால் நகல்களோடு மாவட்ட ஆணைய அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள்.