மணிக்குப் பதினோரு ரூபாய்

பென்னாகரத்தில் அக்கா வீட்டு லேப்டாப்புக்கென்று ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டு வைத்திருக்கிறேன். கணக்கு எழுதியே வயிறு வளர்த்தவன், பழக்கம் விடவில்லை. 2021 பிப்ரவரியில் அந்த லேப்டாப்பை விண்டோஸ் 7-லிருந்து 10-க்கு மாற்ற முயன்று நான்கு முறை தோற்று, ஐந்தாம் முறை ஒப்பேற்றிய வரலாறு அதில் மணி, நிமிடத்தோடு இருக்கிறது. இப்போது புரட்டிப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

முதல் பக்கம் லேப்டாப்பின் ஜாதகம். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தில், அக்கா மகள் பிளஸ் டூ படிக்கும்போது வாங்கி வந்தது. முதலாண்டுக்கு மட்டும் 9.12 லட்சம் மாணவர்களுக்கு 912 கோடி ரூபாய் ஒதுக்கிய திட்டம். அதே ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டிலேயே 100 வீட்டுக்கு 10 வீட்டில்கூடக் கம்ப்யூட்டர் இல்லை. தர்மபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 சதவீதம், மாநிலத்தில் கடைசி இடம். அந்தத் தெருவுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் இதுதான். 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். உள்ளே இரண்டு சிஸ்டம்: ஒரு பக்கம் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், மறுபக்கம் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். ஸ்டார்ட்டர் என்பது விண்டோஸ் 7-ன் கடைக்குட்டி. 2 ஜிபிக்கு மேல் ரேம் போட்டாலும் எடுத்துக்கொள்ளாது, திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற விடாது. பாஸ் பக்கத்தை ஒன்பது வருடத்தில் யாரும் நான்கு தடவைக்கு மேல் திறந்திருக்க மாட்டார்கள்.

விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14-ல் முடிந்துவிட்டது. அக்கா மகன் கல்லூரியில் சேர்ந்திருந்தான். கொரோனா காலம், பாதி வகுப்பு ஆன்லைனில். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்கள் 9.69 லட்சம் பேருக்கு அரசு தினம் 2 ஜிபி இலவச டேட்டா கார்டு கொடுத்தது. அவனுக்கும் ஒன்று கிடைத்தது. “மாமா, டேட்டா இருக்கு. பத்து போட்டுடலாமா?” என்றான். தர்மபுரியில் கொடுத்தால் ஓஎஸ் போட 500 ரூபாய். கொடுக்க ஒரு நடை, வாங்க ஒரு நடை. ஒரு நடைக்குப் போக வர 60 கிலோமீட்டர் சொச்சம், வண்டிக்குப் பெட்ரோல் 120 ரூபாய். ஆக 740. நாமே போட்டால் பென் டிரைவ் 350, அதை வாங்க ஒரு நடை 120, மொத்தம் 470. மிச்சம் 270 ரூபாய்! அந்த 270 ரூபாயைப் பிடிக்கத்தான் இவ்வளவு கூத்தும்.

தோல்வி ஒன்று, முழுக்க என் தவறு. பெரியது நல்லது என்று 64-பிட் விண்டோஸ் 10-ஐ இறக்கினேன். 5.8 ஜிபி, அவனுடைய மூன்று நாள் டேட்டா. உள்ளே இருந்ததோ 32-பிட். ஸ்டார்ட்டரில் வேறு பிட்டே கிடையாது. 32-லிருந்து 64-க்கு, இருக்கிற கோப்பும் புரோகிராமும் அப்படியே இருக்க மேம்படுத்த வழியே இல்லை. அழித்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். மறுபடி 32-பிட், 4.1 ஜிபி. இரண்டும் சேர்த்து 9.9 ஜிபி, ஐந்து நாள் டேட்டா, ஹாட்ஸ்பாட்டில் ஐந்தரை மணி நேரம்.

தோல்வி இரண்டுதான் இந்த நோட்டில் அதிகப் பக்கம் தின்றது. 1 மணி 10 நிமிடம் சுற்றிவிட்டு, சிஸ்டம் ரிசர்வ்டு பகுதியைப் புதுப்பிக்க முடியவில்லை என்று ஒரே ஒரு வரி. 320 ஜிபி டிஸ்க் (விண்டோஸ் கணக்கில் 298, தயாரிப்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது, 22 ஜிபியை யாரும் திருடவில்லை), அதில் பாதி காலி. பிறகு எங்கே இடிக்கிறது?

விண்டோஸ் 7 தன்னை நிறுவும்போது டிஸ்க்கின் தலைமாட்டில் 100 எம்பி ஒதுக்கி ஒளித்து வைக்கும். கணினியை எழுப்பும் கோப்புகள் அங்கேதான் இருக்கின்றன. புதிய சிஸ்டமும் தன் எழுப்பும் கோப்புகளை அங்கேதான் எழுத வேண்டும். அதற்குச் சுமார் 15 எம்பியாவது காலியாக இருக்க வேண்டும். மறைந்திருந்த அந்தப் பகுதிக்கு ஓர் எழுத்து கொடுத்துத் திறந்து பார்த்தேன். காலி 9 எம்பி. பத்து ஏக்கர் நிலத்துக்கு உள்ளே போக ஓர் அடி வரப்பு என்கிற கதை. அடைத்துக்கொண்டிருந்தவை எவை என்று பார்த்ததில் சீனத்துக்கு இரண்டு, ஜப்பானியத்துக்கு ஒன்று, கொரியத்துக்கு ஒன்று என நான்கு எழுத்துருக் கோப்புகள், மொத்தம் ஏறக்குறைய 12 எம்பி. திரை விழிக்கும் முன்பே அந்த மொழிகளில் எச்சரிக்கை காட்ட வேண்டி வந்தால் உதவுவதற்காம். பென்னாகரத்தில் கொரிய மொழியில் எச்சரிக்கை வாசிக்க யாரும் இல்லை என்ற துணிவில் நான்கையும் அழித்தேன். 9-ம் 12-ம் 21. போதும்.

போதவில்லை. அதே வரி.

மறுநாள் மாலைதான் பிடிபட்டது. இது இரட்டைச் சிஸ்டம். டிஸ்க்கின் முதல் 512 பைட்டில்தான் எல்லாம் தொடங்குகிறது: எழுப்பும் நிரலுக்கு 446, பிரிவுகளின் பட்டியலுக்கு 64, முத்திரைக்கு 2. அந்த 446-ல் உட்கார்ந்திருந்தது விண்டோஸ் அல்ல, லினக்ஸின் கிரப். ‘இந்தப் பிரிவிலிருந்து எழு’ என்ற ஆக்டிவ் அடையாளமும் லினக்ஸ் பிரிவின் மேல்தான். விண்டோஸ் தன் 100 எம்பியைத் தேடி வேறு வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. விண்டோஸ் 7-க்கு முதல் சர்வீஸ் பேக் வந்தபோதே லினக்ஸும் சேர்ந்திருந்த கணினிகளில் 0எக்ஸ்-800எஃப்0ஏ12 என்ற எண்ணோடு வந்த பழைய சிக்கல்தான். நான் என்ன செய்திருக்க வேண்டும்? முதலில் அந்த 446 பைட்டை விண்டோஸுக்குத் திருப்பி எழுதி, அடையாளத்தையும் மாற்றிவிட்டு, அப்புறம் லினக்ஸ் பிரிவைத் தொட்டிருக்க வேண்டும். நானோ ‘யாருக்கும் வேண்டாத லினக்ஸ்தானே’ என்று 40 ஜிபி பிரிவை முதலில் அழித்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்தேன். கறுப்புத் திரை, மூலையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று இரண்டு சொல்.

அக்கா எட்டிப் பார்த்தாள். “என்னடா, பாப்பா கல்யாண போட்டோ எல்லாம் அதுலதானே இருக்கு?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பேக்கப் எடுக்கவில்லை. பென் டிரைவிலிருந்து எழுப்பி, பழுதுபார்க்கும் திரைக்குப் போய், 446 பைட்டைத் திரும்ப எழுதி, அடையாளத்தை மாற்றி, விண்டோஸ் 7 கண் விழித்தபோது இரவு மணி 11. இரண்டு மாலையும் சேர்த்து 4 மணி 30 நிமிடம். மறுநாள் காலை முதல் வேலையாகப் பக்கத்துத் தெருவில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் இரவல் வாங்கி, 38 ஜிபி போட்டோவையும் நகலெடுத்தேன். ஆனது 26 நிமிடம். முதல் பக்கத்தில் வர வேண்டிய வரி ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது.

மற்ற இரண்டு தோல்விகளுக்கு அத்தனை மரியாதை தேவையில்லை. மூன்றாவது, 3 மணி 40 நிமிடம் ஓடிவிட்டு 0எக்ஸ்-சி1900101 என்று திரும்பிவிட்டது. அந்த எண்ணில் தொடங்கினால் பெரும்பாலும் டிரைவர் தகராறு. காலாவதியான ஆன்ட்டிவைரஸை நீக்கி, மவுஸ் வரை எல்லாவற்றையும் கழற்றினேன். நான்காவது, மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. முன்னறிவிப்பு வந்திருந்தது, மறந்தவன் நான். ஒன்பது வயதுப் பேட்டரி அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஓடியது 2 மணி 15 நிமிடம், பழைய நிலைக்கு மீட்க இன்னொரு 2 மணி. ஐந்தாம் முறை 5 மணி 25 நிமிடத்தில் முடிந்தது.

கூட்டுவோம். லேப்டாப்பின் முன் உட்கார்ந்தது 19 மணி நேரம், டவுன்லோடு ஐந்தரை, ஆக 24½ மணி. மின்சாரம்: 65 வாட் அடாப்டர் முழுத் திறனில் இழுத்தாலும் 1.6 யூனிட், முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் செலவு 0. மிச்சம் பிடித்தது 270 ரூபாய். வகுத்தால் மணிக்கு 11 ரூபாய். அப்போது நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 256 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் 32. ஏரியில் மண் வெட்டியிருந்தால் மூன்று மடங்கு சம்பாதித்திருப்பேன்.

இதைவிட உறுத்திய எண் வேறு. எல்லாம் ‘இருக்கிறபடியே’ இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே மேம்படுத்தல் வழியைப் பிடித்துத் தொங்கினேன்? அப்படி என்ன இருந்தது என்று எண்ணிப் பார்த்தேன். புரோகிராம் 14. அதில் பயன்படுத்தியது 3: பிரவுசர், படம் பார்க்கும் பிளேயர், தமிழ் தட்டச்சு. மூன்றையும் புதிதாகப் போட 20 நிமிடம். அடியில் ஒட்டியிருந்த விண்டோஸ் 7 ஸ்டிக்கர் எண்ணைக் கொடுத்தாலே, சுத்தமாக அழித்துப் போட்ட 10-ஐயும் அன்று ஏற்றுக்கொண்டிருக்கும். (இலவச மேம்படுத்தல் சலுகை 2016 ஜூலை 29-ல் முடிந்ததாக அறிவித்தாலும் கதவு ஒருக்களித்தே இருந்தது, 2023 செப்டம்பரில்தான் மைக்ரோசாஃப்ட் அதைச் சாத்தியது.) போட்டோவை நகலெடுக்க 26 நிமிடம், புதிதாக நிறுவ ஒரு மணி, புரோகிராமுக்கு 20 நிமிடம். இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கும் வேலை.

அத்தனை பாட்டுக்கும் பிறகு வந்த 10, எழுந்து நிற்க 3 நிமிடம் 50 விநாடி எடுத்தது. 32-பிட் விண்டோஸ் 10-க்கு 1 ஜிபி ரேம் போதும் என்பது காகிதக் கணக்கு. வகுப்பில் பேராசிரியர் முகம் அசையவும் குரல் நிற்கவும், குரல் வரவும் முகம் நிற்கவுமாக இருந்தது. ஏப்ரலில் இன்னொரு நடை: 240 ஜிபி எஸ்எஸ்டி 2,300, ரேம் 4 ஜிபி 1,400, பெட்ரோல் 120. மொத்தம் 3,820. முதலில் வீணானதாக அழ வைத்த 64-பிட் கோப்பு இப்போது கைகொடுத்தது. பழைய டிஸ்க்கைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டு, எஸ்எஸ்டியில் புதிதாகப் போட 25 நிமிடம். எழ 22 விநாடி. எது கெட்டாலும் பழைய டிஸ்க்கைத் திருப்பி மாட்டினால் நேற்றைய லேப்டாப் அப்படியே இருக்கும். பழைய லேப்டாப்பில் சிஸ்டம் மாற்றப் போகிறவர் யார் கேட்டாலும் எஸ்எஸ்டியை முதலில் வாங்கச் சொல்வது இதனால்தான். வேகம்கூட அப்புறம்.

“மாமா, புதுசே வாங்கியிருக்கலாமே?” என்று அவன் ஒருநாள் கேட்டான். புதியது 30,000-க்குக் குறையவில்லை. இதற்கு மொத்தம் போனது 470-ம் 3,820-ம், 4,290. விண்டோஸ் 10-ன் ஆதரவு முடிந்த 2025 அக்டோபர் 14 வரை 56 மாதம் ஓடியது. மாதத்துக்கு 76 ரூபாய் சொச்சம். அவன் டிகிரி முடித்து வேலைக்கு விண்ணப்பம் போட்டதும் இதில்தான்.

அந்த அக்டோபரில் நோட்டை மறுபடி எடுத்தேன். விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர். முதல் இரண்டும் உண்டு, பின் இரண்டும் கிடையாது. ரேமையும் டிஸ்க்கையும் மாற்றலாம், பலகையோடு பற்றவைத்ததை மாற்ற முடியாது. ஐந்து தடவை மோதிப் பார்க்கும் வயது எனக்கும் அதற்கும் போய்விட்டது. 30 டாலர் கட்டி இன்னும் ஒரு வருடம் இழுக்கும் வழியும் இருந்தது. 2026 அக்டோபர் 13-க்குப் பிறகு மறுபடி இதே பக்கம்தான்.

டெபியன் லினக்ஸின் 13-ஆம் பதிப்பு அந்த ஆகஸ்ட் 9-ல் வந்திருந்தது. நான் 2021-ல் அழித்த பாஸும் டெபியனிலிருந்து பிறந்ததுதான். 40 ஜிபி பிரிவாக ஓசியில் வந்து, ஒன்பது வருடம் ஒரு மூலையில் கிடந்து, என் கையால் செத்தது. இந்தத் தடவை போட்டோவை முதலில் நகலெடுத்தேன். கடைசிப் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: பென் டிரைவ் 1, பழையது. நேரம் 41 நிமிடம். தோல்வி 0. செலவு 0. திரையின் பின்னணிப் படம்: பாப்பா கல்யாணம், அக்கா வைக்கச் சொன்னது.