கள்ளச்சாவிக்கு ஓர் அடைப்பு

திண்டுக்கல் பட்டறையில் செய்த மாங்காய்ப் பூட்டைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே லீவர்கள் அடுக்கடுக்காக இருக்கும். சாவியின் பல் ஒவ்வொரு லீவரையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பூட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், புற்றுநோய்க்குத் தரப்படும் இம்யூனோதெரபி எளிதாக விளங்கிவிடும்.

நம் ரத்தத்தில் சுற்றிவரும் வெள்ளையணுக்களில் ஒரு வகை, டி செல்கள். ஒவ்வொரு செல்லும் தனக்குள் இருக்கும் புரதங்களின் துணுக்குகளை மேற்பரப்பில் காட்டிக்கொண்டே இருக்கிறது. டி செல் அவற்றைத் தொட்டுப் பார்க்கும். வேற்றுத் துணுக்கு தட்டுப்பட்டால் அந்தச் செல்லைக் கொன்றுவிடும். இந்த வேகத்துக்குக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் அது நம் சொந்த மூட்டுகளையும் குடலையுமே தாக்கும். அதனால்தான் டி செல்லின் மேலேயே உடல் ஒரு பூட்டை வைத்திருக்கிறது. பி.டி.-1 என்பது அதன் பெயர். அதற்குரிய சாவியான பி.டி.எல்.-1 என்ற புரதம் வந்து பொருந்தினால் டி செல் அடங்கிவிடும்.

புற்றுநோய் செய்யும் தந்திரம் இங்கேதான். பல புற்றுச் செல்கள் இந்தச் சாவியை ஏராளமாகத் தயாரித்து மேலே மாட்டிக்கொள்கின்றன. தேடி வந்த டி செல், கட்டிக்குப் பக்கத்திலேயே பூட்டப்பட்டு நின்றுவிடுகிறது.

பி.டி.-1ஐ 1992இல் கண்டறிந்தது ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தசுகு ஹோஞ்சோவின் ஆய்வுக்குழு. சி.டி.எல்.ஏ.-4 என்ற வேறொரு பூட்டை ஆராய்ந்தவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசன். பூட்டின் துளையில் ஓர் ஆன்டிபாடியை உட்கார வைத்துவிட்டால் புற்றின் சாவி நுழையாது, டி செல் தன் வேலையைத் தொடரும் என்பதே இந்தச் சிகிச்சையின் அடிப்படை. இந்த வகையில் முதல் மருந்து 2011இல் தோல் புற்றுநோய்க்கு வந்தது. 2018ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். கீமோ மருந்தும், நம் ஊரில் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் கதிர்வீச்சும் புற்றுச் செல்லை நேராகத் தாக்குகின்றன. இந்த ஆன்டிபாடி மருந்தோ புற்றைத் தொடுவதே இல்லை. நோயாளியின் டி செல்லை விடுவிப்பதோடு சரி.

திண்டுக்கல்லுக்கு இதில் தனி அக்கறை வேண்டும். பூட்டைப் போலவே புகையிலையும் இந்த ஊரின் பெயரோடு ஒட்டியது. வேடசந்தூரில் புகையிலைக்கென்றே தொடங்கப்பட்ட மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மெல்லும் புகையிலையும் சுருட்டும் இந்தச் சமவெளியில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டவை. வாய்ப் புற்றுநோய்க்கு முதன்மைக் காரணங்களில் ஒன்றும் அதே இலைதான்.

முற்றிய வாய்ப் புற்றுக்கு இம்யூனோதெரபி உதவுகிறது. ஆனால் அதன் விலை நடுத்தரக் குடும்பத்துக்கே எட்டாதது. இந்தத் தடையை நேராக எதிர்கொண்டது மும்பை டாடா நினைவு மருத்துவமனை. நிவோலுமாப் என்ற மருந்தின் வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். அங்குள்ள மருத்துவர்கள் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். தலை, கழுத்துப் பகுதியில் புற்று முற்றிய 151 பேர் அந்த ஆய்வில் இருந்தார்கள். நோய்க்கான மலிவான மாத்திரைகளை மட்டும் பெற்றவர்களில் ஓராண்டைக் கடந்தவர்கள் சுமார் 16 சதவீதம். அந்த மாத்திரைகளோடு இந்தச் சிற்றளவு மருந்தையும் பெற்றவர்களில் அது 43 சதவீதம். முடிவுகள் உலகின் முன்னணிப் புற்றுநோய் ஆய்விதழில் வெளியாயின. ஏழை நாட்டு நோயாளியை மனத்தில் வைத்துச் செய்த ஆய்வு இது. அதனாலேயே இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இம்யூனோதெரபியின் மூத்த வடிவம் ஒன்று நம் தோளிலேயே தழும்பாக இருக்கிறது. காசநோய்க்குப் போடும் பி.சி.ஜி. தடுப்பூசி மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தினால், அங்குள்ள எதிர்ப்பாற்றல் தூண்டப்பட்டு, தசைக்குள் இறங்காத புற்று மீண்டும் வருவது குறைகிறது. 1976 முதல் தெரிந்த உண்மை இது. இந்தியாவில் பி.சி.ஜி. தயாரிக்க 1948இல் ஆய்வகம் தொடங்கிய இடம் சென்னை கிண்டி. இன்னொரு வடிவம், நோயாளியின் டி செல்லை வெளியே எடுத்து, மரபணுவை மாற்றித் திரும்பச் செலுத்தும் கார்-டி சிகிச்சை. ஐ.ஐ.டி. பாம்பேயும் டாடா மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற சிகிச்சைக்கு, சில வகை ரத்தப் புற்றுகளுக்காக, 2023 அக்டோபரில் இந்திய அனுமதி கிடைத்தது.

இரண்டு எச்சரிக்கைகள். இம்யூனோதெரபி எல்லோருக்கும் பலிப்பதில்லை. கட்டியின் திசுவைச் சோதித்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார். பூட்டை அடைத்துவிட்டதால் டி செல்கள் தைராய்டு, நுரையீரல், குடல், கல்லீரலைத் தாக்கவும் கூடும். சிகிச்சையின்போது மூச்சு வாங்கினாலோ, வயிற்றுப்போக்கு நீடித்தாலோ அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அடுத்தது, ‘எதிர்ப்புச் சக்தி கூட்டும்’ என்று விற்கும் பொடிக்கும் கஷாயத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவற்றை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது உயிரோடு விளையாடுவது.

இவ்வளவு நுட்பமான மருந்தும் முற்றிய நோயில் பெரும்பாலும் மாதங்களையே கூட்டித் தருகிறது. தொடக்கத்திலேயே கண்டுபிடித்த வாய்ப் புற்று, அறுவை சிகிச்சையிலேயே குணமாகும் வாய்ப்பு அதிகம். எனவே வெற்றிலையோடு புகையிலை போடும் அப்பாவிடமும் அப்பத்தாவிடமும் இன்றே பேசுங்கள். வாயில் மூன்று வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயை முழுதாகத் திறக்க முடியாத இறுக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.